திருப்பிப் போட்ட சவ்வு

சவ்வைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். நடந்தது அவ்வளவுதான். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் யாருக்கும் குழி பறிக்கவில்லை. தபால் அட்டை அளவில் ஒரு பிளாஸ்டிக் படலம். அதன் முகம் இருக்க வேண்டிய பக்கம் முதுகு இருந்தது. அதில் ஒரு அக்கா தன் தம்பியை இழந்தாள்.

அக்காவுக்கு வேலை செல் பூட்டுவது. இரண்டு உலோகத் தகடுகள், அவற்றுக்கு நடுவில் சவ்வு, சுற்றிலும் ரப்பர் வளையம், மூலைக்கு மூலை போல்ட். மிக்சி ஜாரைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் இதையும் மாட்டிவிடலாம் என்று அவள் சொல்வாள். அது தன்னடக்கம். போல்ட்டை ஒரு சுற்று அதிகமாக முறுக்கினால் சவ்வு நசுங்கும், ஒரு சுற்று குறைந்தால் ஒழுகும். அவள் பூட்டிய செல் ஒழுகி அந்த ஆய்வுக்கூடத்தில் யாரும் பார்த்ததில்லை.

பூட்டிய செல் மொட்டை மாடிக்குப் போகும். அங்கே சோலார் பேனல்கள் சாய்ந்து கிடக்கும். வெயிலில் இருந்து வரும் மின்சாரம் செல்லுக்குள் பாயும். செல்லின் ஒரு பக்கத்தில் கரியமில வாயுவை விடுவார்கள். அது தண்ணீரோடு சேர்ந்து எத்தனாலாக மாறும். வண்டிப் புகையாகவும் ஆலைப் புகையாகவும் போன ஒன்றை மறுபடியும் எரிபொருளாக்கிப் பாட்டிலில் பிடிக்கிற வித்தை. எதிர்ப்பக்கத்தில் தண்ணீர் பிரிந்து ஆக்சிஜன் குமிழ்விடும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற சவ்வு, சினிமா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் மாதிரி. மின்னேற்றம் உள்ள துகள்களை விட வேண்டும், எத்தனாலை விடக் கூடாது. எத்தனால் தாண்டிப் போய்விட்டால் எதிர்ப்பக்கத்தில் சிதைந்து திரும்பவும் கரியமில வாயுவாகிவிடும். வெயில் முழுக்க வீண்.

இப்படிப்பட்ட சவ்வு கடையில் கிடைக்கும். ஆனால் அது வேறு வேலைக்காகச் செய்தது, எத்தனாலை ஓரளவு விட்டுவிடும். அதனால் ஆய்வுக்கூடமே சவ்வு வார்த்துப் பார்த்தது. வார்ப்பதற்கு ஆள் வேண்டியிருந்தது. அக்கா தன் தம்பியைச் சொன்னாள்.

தம்பி பாலிமர் டிப்ளமா படித்தவன். பிளாஸ்டிக் பை செய்யும் ஆலையில் இருந்தான், ஆலை மூடிவிட்டார்கள். சிறு வயதில் தெருவில் பந்து விளையாடும்போது இடக்கையால் வீசுவான் என்பதால் கூட்டாளிகள் அவனுக்கு 'லெப்ட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அக்காவே வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவாள். அப்பா, அக்கா, தம்பி, தம்பி மனைவி என்று நாலு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "இவனை மேய்க்கவே நேரம் சரியா இருக்கு" என்பாள்.

வேலைக்கு வந்த முதல் வாரமே தம்பி வார்ப்பு அறையைத் தன்னுடையதாக்கிக்கொண்டான். பாலிமர் கரைசல் தேன் பதத்தில் இருக்கும். அதைக் கண்ணாடித் தகட்டில் ஊற்றி, நேரான விளிம்புள்ள பட்டையால் ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். நடுவில் கை தயங்கினால் அங்கே கோடு விழும். இழுத்த பிறகு காற்றுப் படாமல் காய விட வேண்டும். அவன் ஏ.சி.யை நிறுத்தி, கதவிடுக்கில் துணியைத் திணித்து, தகட்டின்மேல் ஒரு பழைய மீன் தொட்டியைக் கவிழ்த்து வைத்தான்.

அக்கா எட்டிப் பார்த்தால் விரட்டுவான். "மூச்சு விடாம நில்லு, இல்லன்னா வெளிய போ."

"என் லேப்லயே என்னை வெளிய போங்கிறியா?"

"உன் லேப் அந்தப் பக்கம். இது என் ராஜ்யம். பெல் அடிச்சுட்டு வா."

மாடியில் பேனல்களைப் பார்த்துக்கொள்ளும் மின்பணியாளர் இதைக் கேட்டுச் சிரிப்பார். "அக்காவும் தம்பியும் இங்கயும் சண்டைதானா? வீட்ல போட்டது பத்தலையா?"

"வீட்ல அப்பா இருக்கார்ணே. சத்தமா திட்ட முடியாது. இங்கதான் வசதி" என்பான் தம்பி.

சவ்வு காய்ந்ததும் அதைக் கண்ணாடியிலிருந்து உரித்துத் தண்ணீர் ஜாடியில் போட வேண்டும். அந்தக் கூடத்தில் உரிப்பதற்கு முன் சவ்வின் ஒரு மூலையைச் சின்னதாக வெட்டுவது வழக்கம். அது ஏன் என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. பார்த்தாலே தெரியும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

சவ்வுக்கு இரண்டு முகம் உண்டு. காற்றைப் பார்த்த முகம் முதலில் காய்ந்து இறுகித் தோல் கட்டும். கண்ணாடியை ஒட்டிய முகம் இளகலாக இருக்கும். இறுகிய முகம்தான் எத்தனாலைப் பார்க்க வேண்டும். மாற்றி வைத்தால் இளகிய முகம் எத்தனாலைக் குடித்து ஊதி, பின்னாலிருக்கும் தோலைக் கிழித்துவிடும். ஜாடிக்குள் போய்விட்டால் எந்த முகம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் மூலை வெட்டு. நீளவாக்கில் நிறுத்தி, வெட்டிய மூலை வலது மேல் பக்கம் வந்தால், இறுகிய முகம் நம்மைப் பார்க்கிறது என்று அர்த்தம். அக்கா அப்படிப் பிடித்துத்தான் செல்லுக்குள் வைப்பாள்.

அதுவரை அங்கே சவ்வு வார்த்தவர்கள் எல்லோரும் வலது கைக்காரர்கள். கத்தி தானாக வலது மேல் மூலைக்குப் போகும். தம்பியின் கத்தி இடது மேல் மூலைக்குப் போனது. மூலையை வெட்டுவது உரிக்கப் பிடி கிடைப்பதற்காக என்று அவன் நினைத்துக்கொண்டான். உரிக்கிறவனுக்கு அப்படித்தான் தோன்றும். உண்மையில் பிடியும் கிடைத்தது.

ஆக, அவன் வார்த்த சவ்வு ஒவ்வொன்றையும் அக்கா ஒவ்வொரு முறையும் முதுகைத் திருப்பிப் பூட்டினாள்.

முதல் செல் மறுநாளே தோற்றது. எதிர்ப்பக்கத் தண்ணீரைச் சோதனை மெஷினில் விட்டால் எத்தனால். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். தம்பி கரைசலை மாற்றினான், காயும் நேரத்தைக் கூட்டினான், இரண்டாவது பாலிமர் ஒன்றைக் கலந்து தோலை இன்னும் இறுக்கினான். அவன் தோலை இறுக்க இறுக்க, மறுமுகம் இன்னும் இளகிப் போனது. திருப்பிப் போட்ட சவ்வு இன்னும் வேகமாகக் கிழிந்தது. நன்றாகச் செய்யச் செய்ய மோசமான பலன் வந்தது. இதைவிட ஒரு மனிதனைக் குழப்ப வேறு வழி கிடையாது.

"உங்க தம்பி சவ்வு போடுறாரா, சல்லடை போடுறாரா?" என்று மின்பணியாளர் கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். அக்கா சிரிக்கவில்லை. தம்பியைக் கொண்டுவந்து வைத்தவள் அவள். மற்றவர் தப்புச் செய்தால் ஒரு சொல்லோடு விடுவாள். தம்பியை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்பாள். தன் ஆளுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யார் வாயிலும் வந்துவிடக் கூடாது. அந்தப் பயம் அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

வருட முடிவில் ஆய்வுக்கூடத்தின் தலைவி, எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் பேராசிரியை, அக்காவை அறைக்குக் கூப்பிட்டார். "சவ்வு வேலைக்கு ஒரு ஆளைத்தான் வச்சுக்க முடியும். உங்க தம்பி தொடரட்டுமான்னு நீங்களே சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் சரி."

"வேண்டாம் மேடம். கை சரியில்ல. கவனம் பத்தல."

"யோசிச்சுச் சொல்றீங்களா?"

"வேற யாரா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்."

வேறு யாராக இருந்தாலும் இன்னொரு வாய்ப்புக் கேட்டிருப்பாள். அது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட செய்திகள் ஒளிந்திருப்பதில்லை. சாயங்காலத்துக்குள் தம்பிக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் அவன் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அப்பாதான் ஆரம்பித்தார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் பின் சீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார்.

"அவ எத்தனை பேர்கிட்ட சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை! அவ பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டியேடா."

தம்பி தட்டைப் பார்த்தபடி இருந்தான். அவன் மனைவி அக்காவைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுங்க அண்ணி என்கிற பார்வை. அக்கா தண்ணீர்ச் செம்பை எடுத்து எல்லோருக்கும் ஊற்றினாள்.

அந்த மாதமே தம்பியும் மனைவியும் ஊரின் மறுகோடியில் வாடகைக்குப் போனார்கள். அடுத்த வருடம் அப்பா மாரடைப்பில் போனார். தம்பி வந்தான், செய்ய வேண்டியதை எல்லாம் செய்தான். வாடகை நாற்காலிகளை எடுத்துப் போக வண்டி வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டான். மகன் வேலையில் அசட்டை, அக்கா பேரைக் கெடுத்தவன் என்ற நினைப்போடுதான் அப்பா போனார்.

தம்பி வார்த்த சவ்வுகளில் மிச்சம் கொஞ்சம் ஜாடியில் இருந்தது. அக்கா அதைக் கொட்டவில்லை. மற்ற ஜாடிகளுக்குத் தண்ணீர் மாற்றும்போது அதற்கும் மாற்றினாள். ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று மின்பணியாளர் ஒருமுறை கேட்டதற்கு, "இருக்கட்டும், இடத்தையா அடைக்குது" என்றாள்.

பிறகு புதிய செல் ஒன்று வந்தது. பழைய செல்லில் எத்தனால் பக்கம் பூட்டுகிறவரைப் பார்த்து இருக்கும். இதில் குழாய்கள் மாறி, எத்தனால் பக்கம் அவருக்கு எதிர்ப்புறம் போயிருந்தது. ரப்பர் வளையம் ஒழுகுகிறதா என்று முதலில் சும்மா ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு நல்ல சவ்வை வீணாக்குவானேன் என்று அக்கா தம்பியின் ஜாடியிலிருந்து ஒன்றை எடுத்தாள். ஒழுகல் சோதனைதானே, முகம் முதுகு பார்க்க அவசியம் இல்லை. பழக்கத்தில் வெட்டிய மூலையை வலது மேல் பக்கம் பிடித்து வைத்துப் பூட்டினாள். எத்தனாலும் தண்ணீரும் விட்டு ஓட விட்டாள்.

மறுநாள் வளையம் ஒழுகவில்லை. வழக்கப்படி எதிர்ப்பக்கத் தண்ணீரையும் சோதித்தாள். எத்தனால் இல்லை. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தெரிந்த கரைசல் ஒன்றை விட்டுப் பார்த்தாள். மெஷின் சரியாகத்தான் இருந்தது. செல்லை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் ஓட்டினார்கள். வாரம் போயிற்று, மாதம் போயிற்று. அந்தக் கூடத்தில் எந்தச் சவ்வும் அப்படி நின்றதில்லை. விலை கொடுத்து வாங்கிய சவ்வும் நின்றதில்லை.

"அக்கா, இது எந்தக் கம்பெனி சரக்கு?" என்றார் மின்பணியாளர்.

அவள் கீழே இறங்கினாள். தம்பியின் ஜாடியிலிருந்து இன்னொன்றை எடுத்து, அடியிலிருந்து வெளிச்சம் வரும் ஒளிமேசையில் விரித்தாள். பக்கத்தில் வேறொருவர் வார்த்ததை விரித்தாள். இரண்டின் வெட்டு மூலையையும் வலது மேல் பக்கம் கொண்டுவந்து, விளிம்பில் மெல்ல நகத்தை ஓட்டிப் பார்த்தாள். ஒன்று வழுக்கியது, ஒன்று ஒட்டியது. இரண்டும் வேறு வேறு முகம். புது செல்லில் பக்கம் மாறியதால்தான் தம்பியின் சவ்வு சரியாக அமைந்திருக்கிறது. பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். கத்தியை இடது கையில் பிடித்து, யோசிக்காமல் ஒரு மூலையை வெட்டினாள்.

வெட்டிய துண்டு இடது மேல் மூலையில் இருந்து விழுந்தது.

மின்பணியாளர் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். "என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"லெப்ட்டுன்னு நான்தாண்ணே கூப்பிட்டுட்டு இருந்தேன்" என்றாள். "பொறந்ததுல இருந்து பாக்குறேன். எனக்குத் தெரியாதா?"

மேடம் விவரம் கேட்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "நாளைக்கே கூட்டிட்டு வாங்க. அவர் தோலை இறுக்கின முறை யார்கிட்டயும் இல்ல. பழைய வேலை இல்ல, அதுக்கு மேலயே தர்றேன்னு சொல்லுங்க."

தம்பி இப்போது கைபேசிக் கடையில் இருந்தான். பஸ் நிலையத்துக்கு எதிரே, இரண்டு பேர் நின்றால் நிரம்பிவிடும் கடை. கைபேசித் திரைக்குக் கண்ணாடிப் படலம் ஒட்டுவது வேலை. அக்கா மதியம் போனாள். முன்னால் ஒரு லாரி டிரைவர் நின்றிருந்தார்.

"தம்பி, குமிழி வராதுல்ல?"

"வந்தா கடையை உங்க பேருக்கு எழுதி வச்சுடுறேன்ணே." இடக்கையில் படலத்தை எடுத்து, திரையின் ஒரு விளிம்பில் வைத்து விட்டான். அது தானாகப் பரவி ஒட்டிக்கொண்டது. டிரைவர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டுப் போனார்.

"என்ன மாடல்?" என்று நிமிர்ந்தவன் அக்காவைப் பார்த்தான். "ஓ. நீயா. உள்ள வா, வெயில்ல நிக்காத." ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். "டீ சொல்லவா?"

அவள் ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே சொல்லிவிட்டாள். மூலை, கத்தி, கை, புது செல், மாடியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சவ்வு. வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் வரவில்லை. முன்னுக்குப் பின்னாகத்தான் வந்தது. அவன் கேட்டுக்கொண்டே அவள் கையிலிருந்த கைபேசியை வாங்கி, கீறல் விழுந்த பழைய படலத்தை உரித்தான்.

"நான் அன்னிக்கே சொன்னேனே" என்றான்.

"எப்போ?"

"திருப்பிப் போட்டுப் பாருக்கான்னு சொன்னேன். எதுக்கோ தோணுச்சு, சொன்னேன். நீ ஸ்பேனரைக் கையில வச்சுட்டு, 'சவ்வைத் திருப்பி என்னடா ஆகப்போகுது, முதல்ல உன் புத்தியை இந்தப் பக்கம் திருப்பு'ன்ன. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன்."

அவளுக்கு நினைவில்லை. நினைவில்லை என்பதே அவளை ஸ்டூலில் உட்கார வைத்தது.

"ஏண்டா, அப்பவே என்கிட்ட சண்டை போட்டிருக்கக் கூடாதா? கத்தியிருக்கக் கூடாதா?"

"எதுக்குச் சண்டை? மத்தவங்க சொல்லியிருந்தா போட்டிருப்பேன். கை சரியில்லன்னு சொன்னது நீ. உனக்குத் தெரியாததா? நான் நம்பிட்டேன்." மெல்லிய துணியால் திரையைத் துடைத்தான். "சரியில்லாத கைதான்னு ரொம்ப நாள் நினைச்சுட்டே இருந்தேன். வீட்ல இவளுக்குக்கூட ஒரு டப்பா திறந்து கொடுக்கப் பயமா இருக்கும், கீழ போட்டுடுவேனோன்னு. அப்புறம் இந்த வேலை வந்துச்சு. இப்ப பரவாயில்ல."

"மேடம் கூப்பிடுறாங்க. எல்லாருக்கும் தெரியும் இப்போ. உன் பேர்ல தப்பு இல்லன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அப்பாகிட்ட?"

கோபமாகக் கேட்கவில்லை. விலை கேட்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாகக் கேட்டான். பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. புதுப் படலத்தை எடுத்து விளிம்பில் வைத்து விட்டான். அது பரவி முடியும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கலவை வேணும்னா சொல்றேன், கேட்டுக்கோ" என்றான். "ரெண்டாவது பாலிமரைச் சூடா இருக்கும்போது போடக் கூடாது. ஆறட்டும். ஊத்தி இழுத்ததும் உடனே மூடாத, தோல் லேசா மங்கலாகும், அதைப் பாத்துட்டு மூடு. மீன் தொட்டி இருக்குல்ல? அதுவே போதும். யார் வேணா செய்யலாம், பெரிய வித்தை இல்ல."

ஒன்றையும் மறைக்காமல் எல்லாம் சொன்னான். இடையில் ஒரு பெண் வந்து கைபேசிக்கு உறை கேட்டாள். எடுத்துக் கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். வீட்டைக் காலி செய்கிறவர்கள் அடுத்து வருகிறவர்களிடம் எந்தக் குழாய் எப்படித் திறக்கும் என்று சொல்வார்களே, அப்படி இருந்தது.

"நீ வந்து செய்டா."

"வேண்டாம்க்கா."

"எனக்காக."

"உனக்காகத்தானே அப்ப வந்தேன்" என்றான். கைபேசியை அவள் கையில் கொடுத்தான். திரையில் ஒரு குமிழி இல்லை. "இவ உன்னை விசாரிச்சா. முடிஞ்சா ஒரு நாள் வீட்டுக்கு வா." எந்த நாள் என்று சொல்லவில்லை. வாசலில் அடுத்த ஆள் வந்து நின்றிருந்தார்.

மறுநாள் காலை அக்கா கையுறை மாட்டிக்கொண்டிருக்கும்போது மேடமே தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்ன, எப்ப வர்றார்?"

"வரமாட்டான் மேடம். கலவை சொல்லி அனுப்பியிருக்கான். முழுசா சொல்லிட்டான்."

"கோபமா இருப்பார், நியாயம்தான். ஆறட்டும். நான் வேணா ஒரு தடவை நேர்ல போய்ப் பேசிப் பார்க்கவா?"

"கோபமா இருந்தா நேத்தே கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன் மேடம்" என்றாள் அக்கா. "அவனுக்குக் கோபமே இல்ல."

 அக்கா போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்ததையே மறுபடியும் துடைத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.